இருட்டு டீம்: டி அண்ட் டி அரினாச் சண்டைக்கு ஒரே உத்தியில் குழு கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை ராத்திரிகளில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேஜை விளையாட்டு இது. கதை சொல்லி, எதிரிகளை ஆட்டி, தீர்ப்பும் சொல்லும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நான்தான். கதை தொய்வடைந்தால் ஊருக்கு நடுவே ஒரு அரினாவைத் திறந்துவிடுவேன். எல்லாரும் வேறு கேரக்டர் எழுதிக்கொண்டு வந்து கோதாவில் குதிப்பார்கள். ‘இந்தத் தடவை தீம் வைத்து ஆடலாமா?’ என்று ஆரம்பித்தது, இப்போது தீம் இல்லாமல் ஆடுவதே இல்லை என்று ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எங்களுக்குப் பிடித்த ஒரு தீமை, இருட்டை, முன்வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

எந்த விதிகள்? எந்த லெவல்?

ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்கு பேர், எல்லாரும் 6ஆம் லெவல். 2024இல் வந்த திருத்திய விதிகளில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. அவசியமான இடத்தில் சொல்கிறேன்.

அரினாவுக்கு 6ஆம் லெவல் நல்ல அளவு. ஃபைட்டருக்கு (ஆயுதச் சண்டைக்காரர்) தன் முறை வரும்போது இரண்டு அடி வந்துவிடும், மந்திரக்காரர்களுக்கு மூன்றாம் நிலை மந்திரம் கிடைத்துவிடும். அதற்குக் கீழே போனால் ஒரே அடியில் ஆள் விழுகிறது. அதற்கு மேலே போனால் ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

தீம் என்றால் என்ன? நாலு பேரும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்தால் போதாதா?

கூட்டத்துக்குப் போதும், சண்டைக்குப் போதாது. ‘நாங்கள் நான்கு பேரும் டிராகன் பக்தர்கள்’ என்பது வேஷம். சண்டை ஆரம்பித்த இரண்டாவது சுற்றில் அவரவர் தன் வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீம் என்று நான் சொல்வது, விதிப்புத்தகத்தில் இருக்கும் ஒரே ஒரு விதியை எடுத்து நான்கு பேரும் அதன்மேல் ஏறி நிற்பதை. அந்த விதி எதிரிக்குக் கெடுதல் செய்ய வேண்டும், நம் ஆளில் ஒருவருக்குக்கூடக் கெடுதல் செய்யக் கூடாது. முதல் பாதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இரண்டாவது பாதியில்தான் குழுக்கள் சாகின்றன.

சரி, டார்க்னஸ் மந்திரம் என்ன செய்யும்?

எங்கள் தீம் ஏறி நிற்பது இந்த இரண்டாம் நிலை மந்திரத்தின்மேல்தான். 15 அடி ஆரத்துக்கு, அதாவது 30 அடி அகலத்துக்கு, மை ஊற்றினாற்போல் இருட்டு. டார்க்விஷன் (சாதாரண இருட்டில் பார்க்கும் திறன்) இருந்தாலும் உள்ளே பார்க்க முடியாது. கவனம் கலையாமல் வைத்திருந்தால் 10 நிமிடம் நிற்கும். அரினாவில் அது யுகம். வெற்றிடத்தில் போடலாம், கையில் இருக்கும் பொருளின்மேலும் போடலாம். யாரும் சுமக்காமல் கீழே கிடக்கும் பொருளின்மேல் போட்டாலும் சரி. பொருளின்மேல் போட்டால் அது போகும் இடமெல்லாம் இருட்டும் கூடப் போகும். அந்தப் பொருளை ஒரு கிண்ணத்தாலோ தலைக்கவசத்தாலோ முழுசாக மூடிவிட்டால் இருட்டு அடங்கிவிடும். திறந்தால் மறுபடி வரும். இந்த மூடி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லாரும் தடுக்கி விழும் இடம். நீங்கள் எதிரிக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் அடிக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். எதிரி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் டிஸ்அட்வான்டேஜ். இரண்டு பேருக்கும் கண் தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சாதாரணமாக ஒரே பகடை உருட்ட வேண்டியதுதான். இருட்டைப் போட்டுவிட்டு நாமும் குருடாக நின்றால், வெளிச்சத்தில் ஆடியிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதேதான் நடக்கும். ஒரு மந்திரம் வீண். லாபம் வேண்டுமென்றால் நமக்கு மட்டும் கண் தெரிய வேண்டும்.

அப்படிப் பார்க்கக்கூடியவர்கள் யார் யார்?

மூன்று பேர் நிச்சயம்.

வார்லாக். ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர், இரண்டாம் லெவலிலேயே டெவில்ஸ் சைட் என்ற வரத்தை எடுக்கலாம். 120 அடி வரை, மந்திர இருட்டிலும் பகல் மாதிரி தெரியும். இவரை இருட்டுக்கு வெளியே நிறுத்தி எல்ட்ரிச் பிளாஸ்ட் அடிக்க விடுங்கள். 6ஆம் லெவலில் ஒரு ஆக்ஷனில் (தன் முறையில் செய்யும் ஒரு செயலில்) இரண்டு கதிர்.

ஷேடோ சார்சரர். பிறவி மந்திரக்காரர்; தன் சார்சரி பாயிண்ட் (அவருக்கே உரிய மந்திரச் சக்தி) இரண்டைச் செலவழித்து டார்க்னஸ் போட்டால் அந்த இருட்டு அவர் கண்ணை மறைக்காது. மந்திர ஸ்லாட்டை (அளவாகக் கிடைக்கும் மந்திர வாய்ப்பை) செலவழித்துப் போட்டால் மறைக்கும்! பலர் இதைக் கவனிப்பதில்லை. இருட்டைப் போடும் வேலை வார்லாக்குடையது என்று நினைக்காதீர்கள். அவருக்கு இருப்பதே இரண்டு ஸ்லாட். சார்சரர்தான் போட வேண்டும். கவனம் கலையாமல் இருக்க உருட்டும் கான்ஸ்டிடியூஷன் சேவில் (உடல் உறுதியை வைத்துத் தாக்குப்பிடிக்க உருட்டும் பகடையில்) சார்சரருக்குப் பயிற்சி உண்டு என்பது இன்னொரு வசதி.

ஃபைட்டர். 2020இல் வந்த கூடுதல் விதிகளில் பிளைண்ட் ஃபைட்டிங் என்ற சண்டைப் பாணி இருக்கிறது. கண்ணே வேண்டாம், 10 அடிக்குள் இருப்பது எல்லாம் தெரியும். கையில் கிளெய்வ் என்ற நீள்கோல் அரிவாளைக் கொடுங்கள். அது எட்டுகிற தூரமும் 10 அடிதான். இரண்டு எண்ணும் இப்படிப் பொருந்தி வந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த டீமை எழுத உட்கார்ந்தோம்.

நாலாவது ஆள்?

இருட்டில் கண் தெரியாத கிளெரிக், அதாவது தெய்வ மந்திரக்காரர். இதைச் சொன்னதும் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கிளெரிக்கின் மூன்றாம் நிலை மந்திரம் ஸ்பிரிட் கார்டியன்ஸ். அவரைச் சுற்றி 15 அடிக்கு ஆவிகள் சுழலும். எதிரி அதற்குள் நுழைந்தாலோ, தன் முறையை அதற்குள் தொடங்கினாலோ 3டி8 (எட்டுமுகப் பகடை மூன்று) சேதம். விஸ்டம் சேவில் தப்பித்தால் பாதி. அதோடு உள்ளே இருக்கும் எதிரியின் வேகமும் பாதியாகிவிடும். இந்த 15 அடியும் டார்க்னஸின் 15 அடியும் ஒன்றுதான். இருட்டு ஏறிய கல் கிளெரிக்கின் கையில் இருந்தால், ஆவி வட்டமும் இருட்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும். அவர் யாரையும் பார்க்கவோ அடிக்கவோ வேண்டாம், நடந்தால் போதும். முழுக் கவசமும் கேடயமும் போட்டு ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 20. கேடயத்தில் தெய்வச் சின்னம், இன்னொரு கையில் கல்.

ஒரே ஒரு நிபந்தனை: ஸ்பிரிட் கார்டியன்ஸை முதலில் போட வேண்டும், இருட்டை அப்புறம்தான். போடும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிறவர்களை மட்டுமே ‘இவர்களைத் தொடாதே’ என்று விலக்க முடியும். இருட்டில் நின்றுகொண்டு போட்டால் ஆவிகள் நம் ஃபைட்டரையும் சேர்த்து அறுக்கும். இனிஷியேட்டிவில் (யார் முதலில் ஆடுவது என்ற பகடையில்) சார்சரர் முந்திக்கொண்டால்? அங்கேதான் மூடி. கல்லில் இருட்டைப் போட்டு, உடனே ஒரு செப்பில் அடைத்துவிடுங்கள். கிளெரிக் தன் மந்திரத்தைப் போட்டுவிட்டுத் திறக்கட்டும். செப்பைக் கைமாற்றுவது, திறப்பது எல்லாம் ஆக்ஷன் செலவில்லாமல் ஆகுமா என்று கறாரான டிஎம் மல்லுக்கு நிற்பார். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷேடோ மாங்க் இல்லாமல் இருட்டு டீமா?

பெயரிலேயே இருட்டு இருப்பதால் எல்லாரும் முதலில் எடுப்பது இந்தத் துறவி வீரரைத்தான். 2014 விதிப்படி அவர் இரண்டு கீ (மாங்கின் சக்திப் புள்ளி) செலவழித்து டார்க்னஸ் போடலாம். ஆனால் அவர் போட்ட இருட்டு அவர் கண்ணையே மறைக்கும். 6ஆம் லெவலில் நிழலிலிருந்து நிழலுக்கு 60 அடி தாவும் திறமை வரும், தாவும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் நிபந்தனை. ஆக, சொந்த இருட்டுக்குள்ளேயே தாவ முடியாது. வெளிச்ச அரினாவில் தாவுவதற்கு வேறு நிழலும் கிடைக்காது. 2024 விதிகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள்: ஒரு பாயிண்டில் போடலாம், தான் போட்ட இருட்டில் கண் தெரியும், ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் அதை நகர்த்தலாம். அந்த விதிகளில் ஆடுகிறீர்கள் என்றால் சார்சரருக்குப் பதில் இவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேடோ சார்சரர் 2024 அடிப்படைப் புத்தகத்தில் இல்லவும் இல்லை.

ஒரு சண்டையைக் காட்டுங்களேன்.

எதிரே இரண்டு கிளாடியேட்டர்கள். மான்ஸ்டர் புத்தகத்தில் இருப்பவர்கள்தான்: ஒவ்வொருவருக்கும் ஏசி 16, ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) 112, ஒரு முறையில் ஈட்டியால் மூன்று குத்து. ஒருவனுக்கு 1,800 எக்ஸ்பி (ஜெயித்தால் கிடைக்கும் அனுபவப் புள்ளி). இரண்டு பேர் என்றால் 3,600, அதை ஒன்றரையால் பெருக்கினால் 5,400. நான்கு 6ஆம் லெவல் ஆட்களுக்கு 5,600 தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்பது கணக்கு. அந்தக் கோட்டுக்கு ஒரு படி கீழே நிற்கிறோம். அரினா 60க்கு 60 அடி.

மூத்த கிளாடியேட்டருக்கு முதல் முறை. ஓடிவந்து ஈட்டியை வீசினான், வார்லாக்கின் தோளில் 11 சேதம். கிளெரிக் ஸ்பிரிட் கார்டியன்ஸ் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்து நடந்தார். நெருங்கியதும் கையிலிருந்த கூழாங்கல்லைத் தன் காலடியில் போட்டார். அடுத்த முறை சார்சரருக்கு. கீழே கிடந்த கல்லைக் காட்டி, ‘டார்க்னஸ், இரண்டு பாயிண்ட்’ என்றார். நான் கறுப்பு வட்டத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். இளைய கிளாடியேட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்துத் தயங்கி, சுவரை ஒட்டிச் சுற்றிவரத் தொடங்கினான்.

ஃபைட்டர் உள்ளே நுழைந்தார். இரண்டு பகடை: 6, 13. பெரியதை எடுத்து, அவர் தாக்கும் திறனுக்கான 7ஐக் கூட்டினால் 20, ஏசி 16ஐத் தாண்டிவிட்டது. நான் பழக்கதோஷத்தில் ஆயுதத்தால் தடுக்கும் திறமையை எடுத்து, ‘பேரி, ஏசியில் மூன்று கூட்டு’ என்று ஆரம்பித்தேன். 19 ஆனாலும் அடி விழத்தான் செய்யும், ஆனால் மேஜையில் மூன்று பேர் ஒரே குரலில், ‘அவனுக்குத்தான் கண் தெரியலையே!’ என்றார்கள். புத்தகத்தைப் புரட்டினேன். பேரி செய்ய அடிப்பவரைப் பார்க்க முடிய வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தச் சண்டை முழுக்க மூத்தவனுக்குப் பேரி கிடையாது.

 இரண்டாம் சுற்றில் மூத்தவன் தன் முறையை ஆவிகளுக்குள் தொடங்கினான், 14 சேதம். வெளியே ஓடப் பார்த்தான். 30 அடி வேகம் 15 ஆகியிருந்தது. ஃபைட்டரின் எட்டும் தூரத்தைத் தாண்டும்போது கிளெய்வ் இன்னொரு தடவை விழுந்தது. வட்டத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்தவனை, கிளெரிக் தன் முறையில் கல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டு நடந்துபோய் மறுபடி இருட்டுக்குள் எடுத்துக்கொண்டார். துரத்தக்கூட இல்லை, நடந்தார், அவ்வளவுதான். நான்காம் சுற்றில் மூத்தவன் விழுந்தான். இளையவன் அதுவரை வார்லாக்கைக் குத்திக் குத்தி 8 ஹிட் பாயிண்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஆறாம் சுற்றில் முடிந்தது.

இவ்வளவு பாடுபட்டு லாபம் எவ்வளவு?

அடிக்கும் கணக்கில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஏசி 16க்கு எதிராக +7 வைத்து உருட்டினால் 60 சதவீதம் படும். அட்வான்டேஜ் இருந்தால் 84. கிளெய்வ் ஃபைட்டர் சுற்றுக்குச் சராசரியாக 15 சேதம் செய்துகொண்டிருந்தவர் 21 செய்வார். வார்லாக் 11லிருந்து 16. நால்வரையும் கூட்டிப் பார்த்தால் சண்டை ஏறத்தாழ ஒரு சுற்று சீக்கிரம் முடியும்.

உண்மையான லாபம் வாங்கும் அடியில். ஏசி 18 உள்ள ஃபைட்டரைக் கிளாடியேட்டர் பாதி தடவை குத்துவான். இருட்டில் நான்கில் ஒரு தடவைதான். அதைத் தாண்டியும் இருக்கிறது. ‘கண்ணுக்குத் தெரியும் ஒரு இலக்கு’ என்று தொடங்கும் மந்திரங்கள் எல்லாம் உள்ளே இருக்கிறவர்கள்மேல் செல்லாது. எதிரியிடம் ஆளை அசையாமல் கட்டிப்போடும் ஹோல்ட் பெர்சன் இருந்தால் அது அவன் பையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

வலையைப் பற்றி ஏதோ சொன்னீர்களாமே?

ஆமாம், இது எனக்கு ரொம்பப் பிடித்த மூலை. 2014 விதிகளில் வலை ஒரு கேலிக்கூத்து. அதன் தூரம் 5/15 அடி. 5 அடியைத் தாண்டி வீசினால் தூரத்துக்காக டிஸ்அட்வான்டேஜ். 5 அடிக்குள் வீசினால், பக்கத்தில் எதிரி இருக்கும்போது தொலைவு ஆயுதம் பயன்படுத்தியதற்காக டிஸ்அட்வான்டேஜ். எங்கே நின்று வீசினாலும் உருப்படாது.

ஆனால் அந்த இரண்டாவது விதியை முழுசாகப் படியுங்கள்: ‘உங்களைப் பார்க்கக்கூடிய எதிரி’ 5 அடிக்குள் இருந்தால்தான். இருட்டில் அவனுக்கு நம்மைத் தெரியாது. ஆக டிஸ்அட்வான்டேஜ் போயிற்று. தெரியாத ஆள் வீசுவதால் அட்வான்டேஜும் வந்தது. உலகத்திலேயே வலை ஒழுங்காக வேலை செய்யும் ஒரே இடம் நம் ஃபைட்டர் நிற்கும் இடம்தான்! வலை விழுந்தால் எதிரியின் வேகம் பூஜ்யம். ஆவிகளுக்கு நடுவே வேகம் பூஜ்யம் என்றால் யோசித்துப் பாருங்கள். கிளாடியேட்டர் பலசாலி; அறுத்துக்கொள்ள உருட்டினால் நாலுக்கு மூன்று தடவை வெளியே வந்துவிடுவான். வரட்டும், அதற்கு அவன் ஒரு ஆக்ஷன் கொடுத்தாக வேண்டும். நமக்கு மூன்று குத்து மிச்சம். வலை வீசும் ஆக்ஷனில் ஃபைட்டருக்கும் ஒரே வீச்சுத்தான், அதனால் இதை அவன் தப்பி ஓடப் பார்க்கும் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரோமில் வலையும் திரிசூலமும் வைத்துச் சண்டை போட்டவனுக்கு ரெட்டியாரியஸ் என்று பெயர். கண் துளை இல்லாத தலைக்கவசத்தோடு குருடாகச் சண்டை போட்ட ஆண்டபாட்டா என்ற வகையும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆளாக்கி இறக்கியிருக்கிறோம் என்று எங்கள் ஃபைட்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

நம் ஆள் இருட்டுக்குள் விழுந்துவிட்டால்?

இதில்தான் நாங்கள் பாடம் படித்தோம். முதல் தடவை இந்த டீமை ஆடியபோது கிளெரிக் இல்லை, பாட்டு மந்திரக்காரரான பார்ட் இருந்தார். தூரத்திலிருந்தே காயம் ஆற்றும் ஹீலிங் வேர்ட் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லாரும் இருந்தோம். மினோட்டார் (காளைத் தலை அரக்கன்) முட்டி ஃபைட்டர் விழுந்தார். பார்டின் முறை வந்தது. ‘ஹீலிங் வேர்ட்’ என்றார். நான், ‘அவர் உங்களுக்குத் தெரிகிறாரா?’ என்று கேட்டேன். மேஜையில் சத்தமே இல்லை. அந்த மந்திரம் கண்ணுக்குத் தெரிகிறவருக்குத்தான். சார்சரர் எப்போது வேண்டுமானாலும் கவனத்தைக் கலைத்து இருட்டை அணைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. மினோட்டார் விழுந்து கிடந்தவரை இன்னொரு முட்டு முட்டியது. மயங்கிக் கிடப்பவருக்குப் பக்கத்திலிருந்து படும் அடி இரண்டு டெத் சேவ் (சாகாமல் தப்பிக்க உருட்டும் பகடை) தோல்விக்குச் சமம். அவர் முறையில் உருட்டினார், 7. முடிந்தது. அந்த நண்பர் இரண்டு வாரம் எழுதிய கேரக்டர் அது.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பது: இருட்டுக்குள் போட வேண்டிய மந்திரங்களின் விளக்கத்தில் ‘தெரியும்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாததை மட்டும் எடுப்பது. க்யூர் வூண்ட்ஸ் தொட்டால் போதும். பிளெஸ், எய்ட் இரண்டும் தூரத்துக்குள் இருந்தால் போதும். எய்டைச் சண்டைக்கு முன்பே போட்டுவிடலாம், 8 மணி நேரம் நிற்கும். கிளெரிக் ஃபைட்டருக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே நடக்க வேண்டும் என்பதும் அன்றிலிருந்து சட்டம்.

ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் தாங்கும்?

மூன்று. சார்சரருக்கு 6 பாயிண்ட், தடவைக்கு 2. கிளெரிக்குக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் 3. நான்காவது ஆட்டமும் உண்டு என்று டிஎம் சொன்னால், இரண்டாம் நிலை ஸ்லாட் ஒன்றை உடைத்து இரண்டு பாயிண்ட் ஆக்கிக்கொள்ளலாம்; ஆவிகள் இருக்காது. ஆட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேர ஓய்வு கொடுக்கிற அரினா என்றால் வார்லாக்குக்குத்தான் கொண்டாட்டம், அவர் ஸ்லாட் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

டிஎம் நினைத்தால் இந்த டீமை உடைக்க முடியாதா?

ரொம்ப சுலபமாக. ராட்சதத் தேளுக்கு 60 அடி வரை கண் இல்லாமலே தெரியும், வௌவால்களுக்கும் அப்படித்தான். டெவில்களின் பார்வையை மந்திர இருட்டு தடுக்காது. டிஸ்பெல் மேஜிக் மந்திரம் இருட்டைத் துடைத்துவிடும், டேலைட் மந்திரமும் அப்படியே. இவை எதுவுமே வேண்டாம், புத்தியுள்ள எதிரி வில்லை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய், வெளியே நிற்கும் வார்லாக்கையும் சார்சரரையும் குறிவைத்தால் போதும்.

மூன்று ஆட்டத்தில் ஒன்றில் தேளை விடுவேன். மூன்றிலும் விட்டால் அது டிஎம் செய்யும் அழிச்சாட்டியம். தேள் வரும் ஆட்டத்துக்கு டீமிடம் ஒரு வெளிச்சத் திட்டம் இருக்க வேண்டும். கல்லைச் செப்பில் மூடிவைத்துவிட்டு, சார்சரர் அந்தக் கவனத்தை வேறு மந்திரத்துக்குத் திருப்பினால் சரி. ஆவி வட்டமும் கிளெய்வும் வெளிச்சத்திலும் வேலை செய்யும்.

இருட்டு பிடிக்கவில்லை. வேறு என்ன தீம் எடுக்கலாம்?

தள்ளு முள்ளு. இயற்கை மந்திரக்காரரான ட்ரூயிட் ஸ்பைக் குரோத் போட்டால் 20 அடி ஆரத்துக்குத் தரையெல்லாம் முள். அதற்குள் ஒவ்வொரு 5 அடி நகர்வுக்கும் 2டி4. தானாக நடந்தாலும் சரி, பிறர் தள்ளினாலும் சரி. ரிப்பெல்லிங் பிளாஸ்ட் எடுத்த வார்லாக்கின் இரண்டு கதிரும் பட்டால் 20 அடி தள்ளும்: சராசரி 20 சேதம், கதிரின் சேதம் தனி. முள்ளின் ஓரமாக நின்று எதிரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் மல்லன் ஒருவர் இருந்தால் தேங்காய்த் துருவுவது மாதிரிதான். பார்க்கிற கூட்டத்துக்கு இருட்டைவிட இது பிடிக்கும். இருட்டில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாதே.

விஷம் வேண்டாம். பிணங்கள், பேய்கள், பொம்மை இயந்திரங்கள் என்று பாதி அரினாவுக்கு விஷம் ஏறாது. பயமுறுத்தும் டீமும் கிளாடியேட்டர்களிடம் எடுபடாது, அவர்களுக்குப் பயத்துக்கு எதிரான சேவில் அட்வான்டேஜ் உண்டு. நான்கு பார்பேரியன் (ஆவேச வீரர்) சிரிப்புக்கு நல்லது. ஒரு விஸ்டம் சேவ் மந்திரத்தில் நால்வரும் சிலையாக நிற்பார்கள். நான்கு கிளெரிக்? கேலியாக எழுதிப் பார்த்தோம், பயங்கரமாக ஜெயித்தது.

டீமும் டீமும் மோதலாமா?

மோதலாம், நியாயம் எதிர்பார்க்காதீர்கள். இந்த விதிகள் ஆட்கள் மிருகத்தோடு மோதுவதற்கு எழுதியவை. ஆளும் ஆளும் மோதினால் இனிஷியேட்டிவில் முந்தியவர் பாதி ஜெயித்துவிட்டார். நாங்கள் அப்போது இரு டீமும் மாறி மாறி ஒவ்வொரு ஆளாக ஆடுவது என்று வைத்துக்கொள்கிறோம்.

அரினா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கி.பி. 80இல் திறந்த ரோம் கொலோசியத்தின் மணல்தளம் ஏறத்தாழ 83க்கு 48 மீட்டர். 5 அடிக் கட்டமாகப் பிரித்தால் 54க்கு 31 கட்டம். மேஜை கொள்ளாது, அதோடு அவ்வளவு இடத்தில் இருட்டு ஒரு பொட்டு மாதிரி இருக்கும். எதிரி சுற்றிக்கொண்டு போய்விடுவான். 60க்கு 60 அடியில் இருட்டு பாதி அகலத்தை அடைத்துக்கொள்ளும். இந்த டீமுக்கு அதற்குமேல் பெரிதாக வைக்காதீர்கள். தூண்கள் நான்கு வையுங்கள், வார்லாக் ஒளிந்துகொள்ள.

மேஜையில் என்ன சாமான் வேண்டும்?

ஒரு இஞ்சுக் கட்டம் போட்ட தாள். ஆட்களுக்குக் கேரம் காய்; கட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பரவாயில்லை. சிவப்புக் காயை வார்லாக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். கறுப்புச் சார்ட்டில் 6 இஞ்ச் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஒரு காய் நிற்கிற அளவுக்கு ஓட்டை போடுங்கள். கிளெரிக்கின் காய் அந்த ஓட்டையில் நிற்கும். அவரை நகர்த்தினால் வட்டமும் கூட வரும். முதலில் நாங்கள் வட்டத்தைக் காய்களுக்கு மேலே வைத்து மூடினோம். அடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எடுத்து எடுத்துப் பார்த்து, மூன்றாம் சுற்றில் ஒரு கிளாடியேட்டரையே தொலைத்துவிட்டோம். டீ டம்ளருக்குப் பின்னால் கிடந்தான்.